அரண்மடம்: லிவிவ் நகரின் மதிலோர மடங்களுக்கு ஒரு தமிழ்ச்சொல்

உக்ரைனின் லிவிவ் நகரத்தில், பழைய மதில் இருந்த இடத்தை ஒட்டிச் சில துறவு மடங்கள் நிற்கின்றன. எதிரி வந்தால் நின்று சண்டை போடுவதற்கென்றே சுற்றுமதில் எழுப்பிக் கட்டியவை. இவற்றைத் தமிழில் எழுதும்போது "கோட்டை மடாலயம்" என்றுதான் முதலில் கை போகிறது. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன், இப்போது அது சரியில்லை என்று உறுதியாக நினைக்கிறேன்.

முதலில் அந்த ஊர்க்காரர்களின் சொல். அங்கே மடத்துக்கு இரண்டு சொற்கள். கீழைத் திருச்சபையின், அதாவது ஆர்த்தடாக்ஸ் போன்ற கிழக்கத்திய கிறிஸ்தவர்களின் மடம் என்றால் 'மொனாஸ்திர்'. இது கிரேக்கத்திலிருந்து வந்தது, 'மோனோஸ்' என்றால் தனி, ஆக தனித்து வாழும் இடம். ரோமன் கத்தோலிக்க மடம் என்றால் 'கிளாஷ்தோர்', போலந்து மொழியில் 'கிளாஷ்டோர்'. இதன் வேர் லத்தீனின் 'கிளவுஸ்த்ரும்'. மூடு, அடை என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல், முதற்பொருள் தாழ்ப்பாள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: துறவிகளுக்கு வருவதற்கு முன்பே அந்தச் சொல் படைக்காரர்களிடம் இருந்தது. இத்தாலிக்குக் கிழக்கே உள்ள ஜூலியன் ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களை அடைத்து ரோமர்கள் கட்டிய மதில்வரிசைக்குப் பெயரே 'கிளவுஸ்த்ரா' தான். பகைவன் வரும் வழிக்குப் போட்ட தாழ்.

லிவிவில் அந்தப் பழைய பொருள் திரும்பி வந்தது என்றே சொல்லலாம். 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17ஆம் நூற்றாண்டிலும், நகரம் போலந்து அரசின்கீழ் இருந்தபோது, புதுப்புதுத் துறவு சபைகள் வந்தன, மதிலுக்குள்ளே இடம் இல்லை, அதனால் வெளியே மதிலோரமாகக் கட்டினார்கள். ஆனால் மதிலுக்கு எதிரே உயரமான கல் கட்டடம் ஒன்று காவலில்லாமல் நின்றால், முற்றுகை போடுகிறவன் அதற்குள் புகுந்து அங்கிருந்தே ஊருக்குள் சுடுவானே? ஆகவே அந்த மடங்களுக்கும் மதில் தேவைப்பட்டது. 1600 முதல் 1630 வரை கட்டப்பட்ட பெர்னார்தீன் சபை மடம் தென்கிழக்கு மூலையைப் பார்த்துக்கொண்டது. அதன் மதிலின் ஒரு பகுதியும், 1618இல் எழுந்த ஹிலின்யானி வாயிலும் இன்றும் இருக்கின்றன. வடக்கே பெனடிக்ட் சபைக் கன்னியர் மடம். கன்னியர் மடத்துக்கும் காவல் மதில்தான், காலம் அப்படி: 1648இல் போலந்து அரசை எதிர்த்துக் கிளர்ந்த ஹ்மெல்னித்ஸ்கியின் கொசாக்குகள் என்ற உக்ரைனியப் போர்வீரர்கள், 1672இல் துருக்கியர், நடுநடுவே கிரைமியாவின் தாத்தாரியர்.

மடம் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் அந்த ஊர் பார்த்துவிட்டது. 1704இல் சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸின் படை, மதிலுக்கு வெளியே இருந்த கார்மேல் சபை மடத்தைப் பிடித்து அந்த வழியாகவே உள்ளே புகுந்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்றுகைகளைத் தாங்கி நின்ற நகரம் அன்று விழுந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். கோட்டை என்றால் தானே தனியாக நிற்பது, அரசனோ தளபதியோ உள்ளே இருப்பான். இந்த மடங்கள் அப்படியல்ல, பின்னால் இருக்கும் ஊருக்கு முன்னால் நின்று தடுப்பவை. அதற்கு நம்மிடம் உள்ள சொல் அரண். திருக்குறளின் 'அரண்' அதிகாரத்தில் நீர், மண், மலை, காடு எல்லாமே அரண்தான். எதைக் கொண்டு காத்தாலும் அரண், அது துறவியர் வாழும் மடமாக இருந்தாலும். அதனால் அரண்மடம் என்பேன். புது அச்சு ஒன்றுமில்லை, அரண்மனை என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே. (அரண்மனை 'அரசன் மனை'யின் திரிபு என்பவர்களும் உண்டு, இருந்தாலும் இன்று நம் காதில் விழுவது அரணும் மனையும்தான்.)

மடம் வடமொழியிலிருந்து வந்த சொல்லாயிற்றே என்று கேட்கலாம். துறவியர் உறைவிடத்துக்குப் பழந்தமிழில் 'பள்ளி' இருந்தது, சமணர் பள்ளி, பௌத்தர் பள்ளி என்று. ஆனால் இன்று 'அரண்பள்ளி' என்றால் படைப்பயிற்சிப் பள்ளிக்கூடம் என்றுதான் நினைப்பார்கள். கன்னியர் மடம் என்று தமிழ்க் கத்தோலிக்கர்கள் வாயில் நன்றாகப் பழகிய சொல் இருக்க, அதை விடுவானேன்?

அப்புறம், மடம் இல்லாமல் தேவாலயமாக மட்டும் இருந்து மதில் பெற்றவை. ருமேனியாவின் திரான்சில்வேனியாவில் ஜெர்மானியக் குடிகள் ஊர் ஊராகக் கட்டியவை அந்த வகை. அவற்றுக்கு அரண்கோயில்.