வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் கொடுக்குமுன் வளவின் காணி உறுதியைப் பாருங்கள்

கல்லடிப் பக்கத்து அக்கா ஒருவர் கந்தோர் வாசலில் ஒரு சொப்பிங் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பைக்குள் ஏழு கடிதங்கள். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. வளவு தாயின் பெயரில் இருந்ததால் வெட்டிவிட்டார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஏழாவது கடிதத்துக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

வீட்டு உதவி தரும் தேசிய வீடமைப்பு அதிகார சபைக்கு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாவட்ட அலுவலகம் உண்டு. உதவியின் பெயரும் தொகையும் ஆட்சிக்கு ஆட்சி மாறும். "காணி யாருடையது?" என்ற கேள்வி மட்டும் மாறாது.

நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்குச் சீதனமாக வளவில் ஒரு துண்டைக் காட்டிவிடுவார்கள், உறுதி எழுதுவதில்லை. பத்துப் பேர்ச் காணியில் மூன்று மகள்மார், மூன்று அடுப்பு. கந்தோருக்கு அது ஒரே காணி. பிரிக்கப் போனாலும், நகரத்துக்குள் சுமார் 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டுக்கு அனுமதி எடுப்பது கஷ்டம். அதனால் யாருக்கு எது என்று பெற்றார் இருக்கும்போதே பேசி முடியுங்கள்.

உறுதிக் காணி என்றால் நன்கொடை உறுதி எழுதலாம். தாய் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொள்ளலாம். நொத்தாரிசு எழுதியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். காணிப் பதிவகத்தில் பதிந்தாயிற்றா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த பேர்மிட் காணியில் இன்னும் கவனம் வேண்டும். பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே எடுக்காமல் கைமாற்றினால் அது செல்லாது. சத்தியக் கடதாசியை நம்பிக் காசு கொடுத்து ஏமாந்தவர்கள் ஏராளம். பின்னுரித்தாளர் (தனக்குப் பிறகு காணியைப் பெறுபவர்) பெயர் பதியாத பேர்மிட் மூத்த மகனுக்குத்தான் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஆணுக்கு முன்னுரிமை தந்த அந்த விதியை 2022இல் திருத்திவிட்டார்கள்.

ஜீ.எஸ். (கிராம சேவகர்) உங்களை டீ.எஸ். ஒபிசுக்கு (பிரதேச செயலகத்துக்கு) அனுப்புவார், அவர்கள் வீடமைப்புக்கு அனுப்புவார்கள், அங்கே "ஐயா லீவு". வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை கேளுங்கள். பெயரை வெட்டினால், யார், எப்போது, ஏன் என்று தகவல் அறியும் சட்டத்தில் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

சரி, வீடு கிடைத்துவிட்டது என்றால் காசு கட்டம் கட்டமாகத்தான் வரும். அத்திவாரத்தை வரைபடத்தை விட ஓர் அடிகூடப் பெரிதாக வெட்டாதீர்கள். பெரிதாக வெட்டியவர்கள் கூரைக்கு நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வரும் வசூல்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.