ஏரி வண்டல் உங்கள் வயலுக்கு: இலவசமாக எடுப்பது எப்படி?

சித்திரை வெயிலில் வற்றிக் கிடக்கும் ஏரிக்குள் இறங்கி நடந்து பாருங்கள். மேல்மண் தட்டுத் தட்டாக வெடித்து ஓரம் சுருண்டிருக்கும். மதகுக் கல்லில் பாதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். வருஷா வருஷம் வரத்துக் கால்வாய் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. தூர் ஏற ஏற ஏரி கொள்ளும் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். ஐப்பசியில் கலங்கல் வழிந்த ஏரி மாசியிலேயே வற்றினால், ஊர்க் கிணறுகளும் கூடவே இறங்கிவிடும்.

இந்த வண்டலை விவசாயிகள் கட்டணமில்லாமல் எடுக்க, தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 இடம் தருகின்றன. முன்பு இதற்குக் கலெக்டர் அலுவலகம் வரை போக வேண்டும். 2024-இல் விதியைத் திருத்தி, தாசில்தாரே அனுமதி தரலாம் என்று ஆக்கினார்கள். உண்மையிலேயே நல்ல மாற்றம். மாவட்டத் தலைநகருக்கு நாலு நடை நடப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டால் அந்த வருஷம் போச்சு.

சரி, எவ்வளவு எடுக்கலாம்? நஞ்சை என்றால் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90. மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு 60 கனமீட்டர். 75 கனமீட்டர் என்பது, நூறு கன அடியை ஒரு யூனிட்டாகக் கணக்கிட்டால், கிட்டத்தட்ட 26 யூனிட். ஒரு கனமீட்டர் மண் போன இடத்தில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் நிற்கும். நூறு விவசாயிகள் ஆளுக்கு ஓர் ஏக்கர் நஞ்சைக்கு எடுத்தாலே ஏரிக்கு 75 லட்சம் லிட்டர் இடம் கிடைக்கிறது. வயலுக்கும் லாபம்தான். மணற்பாங்கான புஞ்சையில் வண்டல் அடித்தால் ஈரம் கூடுதல் நாள் நிற்கும்.

விண்ணப்பத்தை இ-சேவை வழியாக இணையத்தில் போடலாம். நிலத்தின் விவரங்களைக் கையில் வைத்திருங்கள். அதற்கு முன் வி.ஏ.ஓ.விடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் ஏரி மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் இருக்கிறதா? பட்டியலில் இல்லாத ஏரியில் மண் எடுக்க அனுமதி கிடைக்காது. மண்தான் இலவசம், அள்ளும் கூலியும் டிராக்டர் வாடகையும் உங்கள் பொறுப்பு. எடுத்த மண்ணை விற்கக் கூடாது.

அப்புறம், கரையடியிலும் மதகை ஒட்டியும் கை வைக்காதீர்கள், கரை பலமிழந்துவிடும். ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டாமல் பரவலாக, சமமாக எடுங்கள். குழியில் தேங்கும் தண்ணீர் மதகுக்கு ஏறாது. மழைக்காலத்தில் அந்தக் குழி வெளியே தெரியாது. ஏரியில் குளிக்க இறங்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து.