கேம்பர் வேனில் காலைத் தலைவலி: மலை மட்டும்தான் காரணமா?

கலிபோர்னியாவின் லாசன், ஓரிகனின் கிரேட்டர் லேக் என்று எரிமலைப் பூங்காக்களை, படுக்கையும் அடுப்பும் உள்ள கேம்பர் வேனிலேயே சுற்றிவரக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "எரிமலை வெடித்துவிடாதே, டாக்டர்?" லாசன் சிகரம் கடைசியாகக் குமுறியது 1914 முதல் 1917 வரை. இப்போதும் அது கண்காணிப்பில்தான் இருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு மலையைவிடக் கவலை தருவது, இரவில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும் வண்டி.

கடல் மட்டத்தில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில் காலையில் புறப்பட்டால், மாலைக்குள் லாசனின் சம்மிட் லேக் முகாமில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கலாம். மறுநாளே 3,187 மீட்டர் சிகரத்துக்கு நடை. இந்த வேகத்தில் ஏறினால் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரத்தான் செய்யும். ஏறுவதை நிறுத்தி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்; அடங்காமல் கூடினால் கீழே இறங்கியே ஆகவேண்டும். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். படித்ததாலேயே எந்தத் தலைவலி வந்தாலும் பழியைத் தூக்கி மலைமேல் போட்டுவிடுகிறார்கள்.

அப்படித்தான் ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். நால்வருக்கும் தலைவலி, சின்னவளுக்கு வாந்தி வேறு. அப்பா விரலில் மாட்டியிருந்த ஆக்சிமீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: 98. "ஆக்சிஜன் நன்றாகத்தான் இருக்கிறது டாக்டர், மலை ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்."

"ராத்திரி வண்டிக்குள் என்ன எரிந்தது?"

மனைவிதான் பதில் சொன்னார். "குளிர் தாங்கவில்லை டாக்டர். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் படுத்தோம்."

இரத்தப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு வந்தது; மூடிய வண்டிக்குள் எரிந்த அடுப்பின் வேலை. நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. விஷம் ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்ததாகவே காட்டும். அந்தக் கருவியைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அதை நம்பவும் மாட்டேன்.

உயரத்தால் வரும் மலை நோய் ஒரே வண்டியில் இருப்பவர்களிடம்கூட ஆள் பார்த்துத்தான் வரும். எல்லோருக்கும் ஒன்றாகத் தலை வலித்தாலோ, வெளியே நடமாடும்போது தெளிந்து உள்ளே வந்ததும் திரும்பினாலோ, வண்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அனைவரையும் உடனே வெளியே கொண்டுவந்து 911-ஐ அழையுங்கள். பூங்காவில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ரேஞ்சர் அலுவலகம் எங்கே என்பதை முகாமுக்குள் நுழையும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சமையல் அடுப்பால் குளிர் காயக்கூடாது. கரி அடுப்பு வண்டிக்குள் வரவே கூடாது. பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் புகை உங்கள் ஜன்னல் வழியாக வருகிறதா என்று பாருங்கள். வாடகை வண்டி என்றால், சாவியை வாங்கும்போதே கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனை அழுத்தி, ஒலிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை.

எரிமலையும் தன் பங்குக்கு வாயு விடும். வெந்நீர் ஊற்றுகளில் பலகைப் பாதையை விட்டு இறங்கக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். வாயு விஷயம் அவ்வளவாகத் தெரியாது. தெற்கே மேமத் என்ற எரிமலையின் அடியில் ஹார்ஸ்ஷூ ஏரிக்கரையில் மரங்கள் பட்டை உரிந்து, சாம்பல் நிறத்தில் மொட்டையாக நிற்கின்றன. 1989-இல் அங்கே நிலநடுக்கங்கள் வரிசையாக வந்தன. அதன் பிறகு மண்ணிலிருந்து கரியமில வாயு கசிந்து வேர்களை மூச்சுத் திணற வைத்துவிட்டது. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் பள்ளங்களிலும் பனிக்குழிகளிலும் தேங்கும். அங்கே கூடாரம் அடிக்காதீர்கள்; குழந்தைகளையும் நாயையும் பள்ளத்தில் இறங்கி விளையாட விடாதீர்கள்.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால் தூக்கிவிடக் குதிக்கவும் கூடாது. 2006 ஏப்ரலில் அதே மலையில் பனி இடிந்து, வாயுத் துளைக்குள் இரண்டு பனிச்சறுக்குக் காவலர்கள் விழுந்தார்கள். அவர்களை மீட்க இறங்கிய மூன்றாமவரும் இறந்துபோனார்.