நாடோடி வியாபாரியா, தலைச்சுமை வியாபாரியா?

மொழிபெயர்ப்புக் கதைகளைப் புரட்டினால் ‘நாடோடி வியாபாரி’ வராத புத்தகம் குறைவு. ஊர் ஊராகப் போய் விற்பவரை ஆங்கிலத்தில் பெட்லர் என்பார்கள். அதற்குத்தான் இந்தத் தமிழ். ‘பெட்’ என்ற ஒருவகைப் பிரம்புக்கூடையிலிருந்து அந்தச் சொல் வந்திருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் அங்கேயும் பெயர் சுமையை வைத்துத்தான் பிறந்திருக்கிறது, அலைச்சலை வைத்து அல்ல.

நாடோடி என்றால் குடும்பத்தோடு இடம் மாறிக்கொண்டே வாழ்பவர். நம் கிராமங்களுக்கு வந்த வளையல்காரர் அப்படியா? அவருக்குச் சொந்த ஊர் உண்டு, வீடு உண்டு, போகும் வழியும் வரும் பருவமும் உண்டு. வளையல்களைக் கோத்த சரமான மலாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து திண்ணையில் உட்காருவார். பெண்ணின் கையைக் குவித்துப் பிடித்து, எலும்பு நோகாமல், கண்ணாடி உடையாமல் வளையலை ஏற்றுவார். கையில் காசில்லையா, சரி, அறுப்பு முடிந்ததும் நெல்லாகக் கொடுத்தால் போதும். மறுபடி வருவார் என்று ஊரும், கொடுத்துவிடுவார்கள் என்று அவரும் நம்பியதில்தான் அந்தப் பிழைப்பே நடந்தது. ‘நாடோடி’ என்று எழுதும்போது அந்த நம்பிக்கை முழுக்கக் காணாமல் போகிறது. எங்கிருந்தோ வந்தவன், எங்கேயோ போகிறவன் என்ற சந்தேகம்தான் மிஞ்சுகிறது.

இந்தச் சந்தேகம் வெறும் சொல்லோடு நின்றதில்லை. கடற்கரை உப்பைப் பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்ற குறவர்களின் தொழிலை அரசின் உப்பு ஏகபோகமும் ரயிலும் நசுக்கின. அப்புறம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் அவர்களில் பலரைக் குற்றவாளிகளாகவே பதிவு செய்தது. சுற்றி வந்து விற்றவர்களை ஓடுகாலிகளாகப் பார்த்த அந்தப் பார்வையை நாமும் மொழிபெயர்ப்பில் தொடர வேண்டுமா?

சிலர் ‘சாலையோர வியாபாரி’ என்கிறார்கள். 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் உட்கார்ந்து விற்பவர், திரிந்து விற்பவர் எல்லோரையும் ஒரே வரையறைக்குள் வைத்தது. சட்டத்துக்கு அது தேவைதான். கதைக்கு ஆகாது. சாலையோரத்தில் கடை விரித்தவரைத் தேடி நாம் போகிறோம். இவரோ நம் வாசலுக்கு வருகிறார்.

தனித்தமிழ் வேண்டும் என்பவர்கள் ‘பகர்நர்’ என்று எழுதலாம். பகர்தல் என்றால் சொல்லுதல், விற்றல் இரண்டும்தான். கூவினால்தானே விற்கும்! அகநானூற்றில் உப்பு விற்கும் பெண் ‘நெல்லும் உப்பும் நேரே, ஊரீர் கொள்ளீரோ’ என்று சேரிதோறும் கேட்டுப் போகிறாள். பகர்நர் எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் அடிக்குறிப்பு இல்லாமல் இன்று யாருக்கும் புரியாது. புரியாத சொல்லைத் தூய்மைக்காக மட்டும் திணிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

‘தலைச்சுமை வியாபாரி’ என்று மக்கள் சொல்லும் சொல் இருக்கிறது. மூட்டையோ கூடையோ சுமந்து வருபவருக்கு அதையே எழுதலாம். மாட்டில் ஏற்றி வந்தால் பொதிமாட்டு வியாபாரி. என்ன விற்கிறார் என்பது கதையிலேயே இருந்தால் பொதுச்சொல்லே வேண்டாம். உப்புக்காரர், வளையல்காரர், மோர்க்காரம்மா போதும். ஊரில் யாரும் அவர்களை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை.