தெருப் பெயர் கைதுக்குக் காரணம் ஆகாது

இரவு பத்து மணிக்கு மேல் வண்ணார்பேட்டைப் பக்கம் பைக்கில் வரும் பையனை நிறுத்துகிறார்கள். லைசென்ஸ் கேட்பதற்கு முன்பே கேள்வி வருகிறது: “எந்த ஊர்? எந்தத் தெரு?” இரண்டாவது கேள்வி சாதியை அறியத்தான் என்று திருநெல்வேலிச் சீமையில் எல்லாருக்கும் தெரியும். அடுத்து, டார்ச் வெளிச்சம் சாதியைக் காட்டும் மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைத் தேடும்.

பிறப்பை வைத்துச் சந்தேகிப்பது ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. 1947இல் இங்கே அது ஒழிந்தது. அதில் சிக்கியிருந்தவர்கள் சீர்மரபினர் ஆனார்கள்.

2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைப்பதும் அதில் பேசப்பட்டது. நம் ஊர்ப் பெயரை அந்த இடத்தில் படிக்கையில் நெஞ்சு கனத்தது. மோதலைத் தவிர்க்கத்தான் பிரிக்கிறோம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது. சீர்மரபினரைக் காரணமின்றிக் கைது செய்யக் கூடாது என்று போலீசுக்கும் உத்தரவிட்டது.

கைது விதிகள் எல்லாருக்கும் பொது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி, ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று போலீசார் எழுதிவைக்க வேண்டும். அவசியம் இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்துத்தான் விசாரணைக்கு அழைக்க வேண்டும்.

கைது செய்தால் கைதுக் குறிப்பு எழுதியாக வேண்டும். வீட்டார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடும் முன் அதிலுள்ள நேரத்தைப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு அழைத்துப்போய்விட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்குக் கைது என்று எழுதினால் பன்னிரண்டு மணி நேரம் கணக்கில் வராமல் போய்விடும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது விதி. அடி விழுவதும் பெரும்பாலும் கணக்கில் வராத அந்த நேரத்தில்தான். நேரம் தவறாக இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கைதுக்கான காரணத்தைச் சொல்வதும், உறவினருக்குத் தகவல் கொடுப்பதும் போலீசாரின் கடமை. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள்.