விழுங்கும் சிரமத்தைத் துருக்கிய மொழியில் அளப்பது எப்படி?

பார்கின்சன் நோய் வந்தவரிடம் "விழுங்குவதில் சிரமம் இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேட்டால், "இல்லை" என்ற பதில்தான் அதிகம் வரும். பல ஆய்வுகளைத் திரட்டி 2012இல் வெளியான ஓர் அலசல் இதைக் காட்டியது. நோயாளிகளின் வாய்மொழியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், சுமார் 35 விழுக்காட்டினருக்கே விழுங்கல் கோளாறு இருந்தது. சோதித்துப் பார்த்துக் கணக்கிட்டபோது அது 82 விழுக்காடாக உயர்ந்தது. இத்தனைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை. நோய் மெல்ல மெல்லத்தான் வருகிறது. கவளம் சிறுத்துப்போகும், கடினமான ரொட்டி தட்டிலிருந்து காணாமல்போகும், சாப்பாட்டு நேரம் நீண்டுகொண்டே போகும். அப்புறம் அதுவே பழகிவிடும். தொண்டையின் உணர்வு மழுங்கியதால், உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமல் வராதவர்களும் உண்டு.

ஆகவே நல்ல வினாத்தாள் இந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துத்தான் கேட்கும். மற்றவர்களைவிடச் சாப்பிட அதிக நேரம் ஆகிறதா? வெளியே போய்ச் சாப்பிடுவதைத் தவிர்க்கிறீர்களா? குடிக்கும்போது புரையேறிவிடுமோ என்று பயமா? விழுங்கல் சிரமம் வாழ்க்கையை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்று அளக்க உலகெங்கும் அதிகம் பயன்படும் 'ஸ்வால்-க்வால்' வினாத்தாள் இப்படித்தான் கேட்கிறது. அமெரிக்காவில் காலீன் மெக்ஹார்னியும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 2000 முதல் 2002 வரை மூன்று கட்டுரைகளாக வெளியிட்டது இது. இதில் 44 கேள்விகள். மனச்சுமை, பசி, சாப்பிட ஆகும் நேரம், உணவுத் தேர்வு, பயம், மனநிலை, சமூக வாழ்க்கை, பேச்சு, தூக்கம், சோர்வு ஆகிய பத்துப் பிரிவுகள் உண்டு. இருமல், எச்சில் வழிதல் போன்ற அறிகுறிகளை மட்டும் 14 கேள்விகள் தனியே கேட்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை பதில். அதை 0 முதல் 100 வரையிலான அளவுக்கு மாற்றுவார்கள். 100 என்றால் எந்தப் பாதிப்பும் இல்லை.

எக்ஸ்ரே காணொளி இருக்கும்போது கேள்வி எதற்கு என்று தோன்றலாம். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும் பேரியம் கலந்த உணவு தொண்டையில் எப்படி இறங்குகிறது என்பதை அது துல்லியமாகக் காட்டும். ஆனால் ஒருவர் மகள் வீட்டு விருந்துக்குப் போவதை ஏன் நிறுத்தினார் என்பதைக் காட்டாது. காணொளியில் தெரியும் கோளாறும் நோயாளி சொல்லும் பாதிப்பும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகின்றன. கருவியில் சிறிதாகத் தெரியும் கோளாறு ஒருவரை வீட்டுக்குள்ளேயே முடக்கிவிடலாம். பெரிய கோளாறோடு இன்னொருவர் சமாளித்துக்கொண்டிருப்பார். சிகிச்சைக்கு இரண்டு தகவல்களுமே வேண்டும்.

முதல் வகைத் தகவலுக்கு, அதாவது உடலில் நடப்பதை அளப்பதற்கு, துருக்கி தந்த பங்களிப்பு பெரியது. இஸ்மிர் நகரின் எகே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியலாளர் ஜும்ஹுர் எர்தெகினும் அவருடைய குழுவினரும் 1996இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். குரல்வளை மேலெழுவதை ஓர் உணரி பதிவுசெய்யும், தாடைக்குக் கீழுள்ள தசைகளின் மின்னோட்டத்தை இன்னொன்று பதிவுசெய்யும். தண்ணீரின் அளவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆரோக்கியமானவர் 20 மில்லிலிட்டர் வரை ஒரே மடக்கில் விழுங்கிவிடுவார். நரம்பியல் காரணத்தால் விழுங்க முடியாமல் தவிப்பவர் அதற்கும் குறைந்த அளவையே இரண்டு மூன்று மடக்காகப் பிரித்துத்தான் விழுங்குவார்.

இரண்டாவது வகைத் தகவலுக்கு நோயாளியின் தாய்மொழியில் ஒரு வினாத்தாள் தேவை. ஸ்வால்-க்வாலை ஆங்கிலம் அறிந்த ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் போதாதா? போதாது. 2000ஆம் ஆண்டில் வெளியாகி இன்றும் பலர் பின்பற்றும் வழிமுறைப்படி, முதலில் இரண்டு பேர் தனித்தனியாகத் துருக்கிய மொழிக்கு மாற்ற வேண்டும். ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், மற்றவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாக்கியபின், மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார்கள். எங்கே பொருள் நழுவியது என்பது அப்போது தெரிந்துவிடும். நிபுணர் குழு அதைச் சரிசெய்த பிறகு, 30 முதல் 40 பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

இந்தக் கடைசி வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பேன். சொற்களெல்லாம் சரியாக அமைந்தும் கேள்வி வாழ்க்கையோடு ஒட்டாமல் போகலாம், அதை நோயாளிதான் காட்டிக்கொடுப்பார். தலைக்கு அதிகத் தேநீர் குடிக்கும் நாடுகளின் வரிசையில் துருக்கி முன்னணியில் இருக்கிறது. இடுப்பு ஒடுங்கிய சிறு கண்ணாடிக் குவளையில் சூடாக, பால் இல்லாமல் கொடுப்பார்கள். நரம்பு நோயாளிக்குக் கட்டியான உணவைவிட இப்படிப்பட்ட நீர்த்த பானம்தான் பெரும்பாலும் ஆபத்து. குரல்வளை மூடுவதற்கு முன்பே அது தொண்டையில் ஓடிவிடும். தேநீரைக் கெட்டியாக்கிக் குடி என்பது மருத்துவ ரீதியில் சரியான அறிவுரைதான், ஆனால் அந்த மனிதருக்கு அது எத்தனை பெரிய இழப்பு! ஆகவே திரவம் பற்றிய கேள்வியில் எடுத்துக்காட்டாகத் தேநீரும் மோர் போன்ற அய்ரானும் வந்தால், நோயாளிக்குத் தன் அன்றாடம் உடனே நினைவுக்கு வரும்.

சமூக வாழ்க்கைப் பிரிவிலும் இதே கதைதான். வெளியே போய்ச் சாப்பிடுவதைப் பற்றி மூல வினாத்தாள் கேட்கிறது. உணவகத்துக்கே அதிகம் போகாத, துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் கிராமத்து முதியவரிடம் அந்தக் கேள்வி எதையும் பிடிக்காது. அவர் தவிர்ப்பது உறவினர் வீட்டு இஃப்தார் விருந்தாக இருக்கலாம். எல்லோரும் ஒரே நொடியில் உண்ணத் தொடங்கும் அந்த மேசையில் மெதுவாக விழுங்குபவர் தனியாகத் தெரிவார். பைராம் எனும் பெருநாளில் வீடு வீடாக நீட்டப்படும் இனிப்பை மறுப்பதும் லேசான காரியமில்லை. நல்லவேளையாக, பண்டிகைகள், ஒன்றுகூடல்கள் பற்றியும் மூலத்தில் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குத் துருக்கியில் நல்ல உயிர் உண்டு. உணவுத் தேர்வு பற்றிய கேள்வி இன்னும் சிக்கலானது. "எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று கண்டுபிடிப்பது எனக்குச் சிக்கல்" என்ற வாக்கியத்துக்கு, மனைவியோ மருமகளோ சமைத்துத் தருகிற வீட்டு ஆண் "இல்லை" என்று சொல்லக்கூடும். சிக்கல் இருக்கிறது, ஆனால் அதைச் சுமப்பவர் வேறொருவர்.

எதிர்மறை வாக்கியங்களும் தொல்லை தரும். "சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை" என்ற கூற்றுக்கு, "இது உண்மையே இல்லை" என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் பசி நன்றாக இருக்கிறது என்று பொருள். பக்கவாதத்துக்குப் பிறகு கவனம் சிதறும் ஒருவர் இதில் தடுமாறி நேர்மாறான கட்டத்தில் குறியிட்டுவிடுவார். இத்தகைய கேள்விகளை யாராவது நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

சரி, வாசகம் தயார். அது உண்மையில் அளக்கிறதா என்று பார்ப்பது அடுத்த கட்டம். ஒரே பிரிவின் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதற்குக் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் உண்டு. அது 0.70க்கு மேல் வேண்டும். 0.95ஐத் தாண்டினாலோ, ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறோமோ என்று சந்தேகிக்க வேண்டும். ஏற்கெனவே துருக்கியில் சரிபார்க்கப்பட்ட அளவைகளோடும் ஒப்பிடலாம். பத்தே கேள்விகள் கொண்ட 'ஈட்-10' என்ற அறிகுறி வினாத்தாளின் துருக்கிய வடிவம் 2016இல் வெளியானது. குழாய் வழியே உணவு பெறுபவர்களும் வாயால் உண்பவர்களும் வேறுபட்ட மதிப்பெண் பெற வேண்டும், பெறாவிட்டால் வினாத்தாளில் கோளாறு.

நரம்பு நோயாளிகளிடம் இந்தச் சோதனைகள் இன்னும் கடினமாகின்றன. ஒரே ஆளிடம் ஓரிரு வாரம் கழித்து மறுபடி கேட்டால் ஏறக்குறைய அதே மதிப்பெண் வர வேண்டும். ஆனால் பக்கவாதம் வந்து சில நாளே ஆனவர் அதற்குள் தேறியிருப்பார். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் இயக்க நரம்பணு நோய் உள்ளவர் இன்னும் மோசமாகியிருப்பார். மாறியது நோயா, அளவுகோலா? அதனால்தான் நிலைமை சீராக இருப்பவர்களை மட்டும் இந்தச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது சோர்வு, தூக்கம், பேச்சு ஆகிய பிரிவுகள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) வந்தவர் களைத்துப்போவதற்கு விழுங்கல் சிரமம் தேவையில்லை, நோயே போதும். பார்கின்சன் நோயில் குரல் தேய்வது தனி நிகழ்வு. இந்தப் பிரிவுகளில் குறைந்த மதிப்பெண் வந்தால் பழியை யார்மேல் போடுவது? மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், பிரிவுவாரியாகப் பார்ப்பதே நேர்மை என்பது என் கருத்து. அதிலும் பயம், உணவுத் தேர்வு, சாப்பிட ஆகும் நேரம் ஆகியவை விழுங்கலோடு நேரடியாகக் கட்டுண்டவை.

மூளைப் பாதிப்பால் பேசவோ, சொல்வதைப் புரிந்துகொள்ளவோ சிரமப்படும் பேச்சிழப்பு வந்தவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். 44 கேள்விகளைப் புரிந்து பதில் சொல்ல முடியாதவர்களை இத்தகைய ஆய்வுகள் வழக்கமாகச் சேர்ப்பதில்லை, அவர்களுக்கு விழுங்கல் கோளாறு கடுமையாக இருந்தாலும் கூட. குடும்பத்தாரிடம் கேட்கலாம் என்றால், அவர்கள் பார்ப்பது இருமலைத்தான், பயத்தை அல்ல. படங்களும் முகபாவக் குறிகளும் கொண்டு, ஒரு நாளைக்குச் சில கேள்விகளாகப் பிரித்துக் கேட்கும் வடிவம் துருக்கிய மொழியில் மட்டுமல்ல, எல்லா மொழிகளிலும் தேவைப்படுகிறது.