பாதியில் நிற்கும் கூடுகளும் சாலிம் அலியும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் நிற்கும் பனைகளை அண்ணாந்து பார்த்தால், நீண்ட குழாய் வைத்த தூக்கணாங்குருவிக் கூடுகளுக்கிடையே, தலைக்கவசம் போன்ற அரைகுறைக் கூடுகளும் தொங்குவதைக் காணலாம். ஆண் குருவி தான் ஓய்வெடுப்பதற்காக இவற்றைக் கட்டுகிறது என்றே வெகுகாலம் நம்பப்பட்டது. உண்மையான காரணத்தைக் கண்டு சொன்னவர் பறவையியலாளர் சாலிம் அலி (1896–1987).

பெர்லினில் ஜெர்மானியப் பறவையியலாளர் எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் பயின்று திரும்பியபோது அவருக்கு வேலை இல்லை. மும்பைக்கு அருகே கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் மனைவி தெஹ்மினாவுடன் தங்கியவர், 1930ஆம் ஆண்டு மழைக்காலத்தில், அங்கே கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை மறைவிலிருந்து பொறுமையாகக் கவனித்தார்.

ஆண் குருவி நெற்பயிர் அல்லது பனையோலையின் ஓரத்தை அலகால் கடித்து, கடித்த நுனியைக் கவ்வியபடியே பறக்கும்போது, இலை நெடுக நாராகக் கிழிந்து வருகிறது. அந்த நாரை ஓலை நுனியில் சுற்றி முடிந்து, கீழே ஒரு வளையம் பின்னி, அதன்மேல் கூரை வேய்ந்து, நடுவே குறுக்குப் பட்டையோடு கூடு நிற்கும் நிலையில் வேலையை நிறுத்திக்கொள்கிறது. பிறகு கூட்டைப் பற்றித் தொங்கி, சிறகடித்து, பெண்ணை அழைக்கிறது. வந்த பெண் உள்ளே புகுந்து சோதித்துப் பார்க்கிறது. அதற்குப் பிடித்தால்தான் முட்டையறையும் நுழைவுக் குழாயும் கட்டப்படும். பிடிக்காவிட்டால் கூடு அப்படியே கைவிடப்படும். ஆக, நாம் காணும் அரைகுறைக் கூடுகளில் பல, பெண் ஏற்காதவை.

சாலிம் அலி இன்னொன்றையும் கண்டறிந்தார். பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அடுத்த கூட்டைக் கட்டி மற்றொரு பெண்ணை அழைக்கிறது. இவ்வாறு ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல துணைகளைச் சேர்க்கிறது. விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி, எவரும் தினமும் பார்க்கும் ஒரு குருவியிடமிருந்து இதைக் கண்டறிந்ததே அவருடைய பெருமை என்பேன்.

பின்னலின் நேர்த்தியைவிடக் கூடு அமைந்த இடத்துக்கே பெண் அதிக மதிப்புத் தருகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. உயரமான பனை இங்கே முக்கியமாகிறது. ஆகவே சூளை விறகுக்காகப் பனைகள் வெட்டப்படுவது வேதனையளிக்கிறது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாதென்று 2021இல் தமிழக அரசு அறிவித்திருக்கிறது.

கரையோரம் நடப்பவர்கள் நாரின் நிறத்தைக் கவனிக்கலாம்: பாதிக் கூடு பச்சையாக இருந்தால் ஆண் இன்னும் காத்திருக்கக்கூடும், காய்ந்து பழுப்பேறியிருந்தால் அது பெரும்பாலும் கைவிடப்பட்டதாகவே இருக்கும்.